கரையோர வரைபடங்களை வாசிக்கப் பழகுவோம்

கல்முனையில் கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் தமது தெரு 2050ஆம் ஆண்டில் கடல் வெள்ளத்துக்கு உட்படுமா என்பதை இன்று சில விநாடிகளில் பார்த்துக்கொள்ள முடியும். ஊரின் பெயரைத் தட்டச்சுச் செய்து, ஆண்டையோ நீர்மட்டத்தையோ தெரிவு செய்தால், ஆபத்துக்குட்படும் நிலப்பரப்பு நிறந்தீட்டப்பட்டுத் திரையில் தோன்றுகின்றது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரைத் தளமாகக் கொண்ட கிளைமேட் சென்ட்ரல் என்னும் இலாப நோக்கற்ற நிறுவனம் இத்தகைய வரைபடமொன்றை எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவாறு வழங்கி வருகின்றது. கடல் மட்டம் எந்த இடத்தில் எவ்வளவு உயரக்கூடும் என்பதைக் காட்டும் கருவியொன்றை நாசா நிறுவனமும், ஆற்று வெள்ளம், கடல் வெள்ளம் ஆகிய இரண்டினது ஆபத்தையும் காட்டும் கருவியொன்றை உலக வளங்கள் நிறுவகமும் இணையத்தில் வைத்துள்ளன.

இவ்வரைபடங்களில் தமது தெருவில் நிறம் விழுந்திருப்பதைக் கண்டு கலங்குவோர் உளர். நிறம் விழவில்லையென்று நிம்மதியடைந்து மறந்துவிடுவோரும் உளர். இவ்விரு முடிவுகளுமே அவசரமானவை என்பதை நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம். வரைபடம் எதனை அளந்தது, எதனை அளக்கவில்லை என்பதை அறியாமல் அதன் நிறத்தை நம்புவதும் தவறு, ஒதுக்குவதும் தவறு. பெரியநீலாவணை முதல் நிந்தவூர் வரையான நமது கரைக்கு இது வெறும் தொழில்நுட்ப விடயமன்று. நிலம், வீடு, உயிர் ஆகிய மூன்றும் சம்பந்தப்பட்ட விடயமாகும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி காலை 7 மணிக்குச் சற்று முன்னதாக சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிலம் அதிர்ந்தது. அலைகள் நமது கரையை அடைய ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலங்கள் எடுத்தன. அந்த இடைவெளியில் எந்த எச்சரிக்கையும் நம்மை வந்தடையவில்லை. நாட்டில் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் 10,000க்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களில் தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றிக் குடும்பம் குடும்பமாக மாண்டனர்.

அப்பேரழிவின் பின்னர் அரசாங்கம் கையில் எடுத்த அளவுகோல் எது என்பதை நாம் நினைவுகூர வேண்டும். கடற்கரையிலிருந்து இத்தனை மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்ற தடை பிறப்பிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என எல்லை வகுக்கப்பட்டது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாக ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி வாழும் மக்களுக்கு 200 மீற்றர் என்பது ஊரின் பெரும்பகுதியே ஆகும். மாற்றுக் காணி எங்கே என்ற கேள்விக்கு எளிதில் விடை கிடைக்கவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் நிதியுதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டும், அவற்றைப் பகிர்ந்தளிப்பது தொடர்பில் எழுந்த வழக்கினால் பல்லாண்டு காலம் ஆளின்றிக் கிடந்தன. தடை பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் மருதமுனையில் 65 மீற்றர் என்ற சொல் ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இவ்வெல்லைகள் அனைத்தும் கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்ற ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவையாகும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டமும் கரையோர வலயத்தை உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் என்றே வரையறுத்தது. நிர்வாகத்துக்கு இது எளிது. நாடாவைப் பிடித்து அளந்து கல் நட்டுவிடலாம். ஆனால் நீர், நாடாவைப் பார்த்து வருவதில்லை. தாழ்ந்த இடத்தைத் தேடியே அது செல்கின்றது. கரையிலிருந்து 50 மீற்றர் தூரத்திலுள்ள மணல்மேட்டு வீட்டை விட, 700 மீற்றர் தூரத்தில் தோணாவின் ஓரத்திலுள்ள வீடு கூடுதல் ஆபத்தில் இருக்கக்கூடும். எனவே கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரம் என்ற இரண்டாவது கேள்வியும் கேட்கப்பட வேண்டும். அக்கேள்வியைச் சாதாரண குடிமகனும் கேட்பதற்கு வழி திறந்துவிட்டதே இணைய வரைபடங்களின் முதற் பயனாகும்.

இவ்வரைபடங்கள் இயங்கும் முறை சிக்கலானதன்று. அவற்றுக்கு இரண்டு தகவல்கள் தேவை. ஒன்று, எதிர்காலத்தில் கடல் எவ்வளவு உயரும் என்பது. மற்றது, ஒவ்வொரு நிலத்துண்டும் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பது. நிலத்தின் உயரம் நீரின் உயரத்தை விடக் குறைவாகவும், அந்நிலத்துக்கு நீர் சென்றடையப் பாதை உள்ளதாகவும் இருந்தால், கணினி அதற்கு நிறந்தீட்டுகின்றது. தொட்டியொன்றில் நீரை நிரப்பினால் எப்பகுதி மூழ்கும் என்று பார்ப்பது போன்றதே இக்கணக்கு.

முதலாவது தகவலைப் பொறுத்தவரை விஞ்ஞானம் கணிசமான தெளிவை எட்டியுள்ளது. ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006க்கும் 2018க்கும் இடையில் உயர்வின் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றராக இருந்தது. புகை வெளியேற்றம் வெகுவாகக் குறைக்கப்பட்டால் 2100ஆம் ஆண்டளவில் மேலும் 28 முதல் 55 சென்ரிமீற்றரும், குறைக்கப்படாமல் பெருகினால் 63 சென்ரிமீற்றர் முதல் ஒரு மீற்றர் வரையிலும் உயரக்கூடும் என்று அக்குழு மதிப்பிட்டுள்ளது.

இவ்வளவு சிறிய உயர்வுக்கா அஞ்ச வேண்டும் எனச் சிலர் கேட்கக்கூடும். இலங்கையைச் சூழ வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவானது. கடல் அதிகம் ஏறி இறங்காத காரணத்தாலேயே நமது முன்னோர் அலைக்கு மிக அருகில், மிகத் தாழ்ந்த தரையில் வாடியமைத்து, கரைவலை இழுத்து, ஊர்களை உருவாக்க முடிந்தது. பல மீற்றர் ஏறி இறங்கும் கடலின் ஓரத்தில் வாழும் மக்கள் இயல்பாகவே மேட்டில் குடியிருப்பர். நமது கரைக்கு அந்தப் பாதுகாப்பு இடைவெளி கிடையாது. ஆகையால் 30 சென்ரிமீற்றர் உயர்வு வேறு சில நாடுகளுக்குச் சிறிதாயினும் நமக்குப் பெரிதாகும்.

சிக்கல் இரண்டாவது தகவலிலேயே உள்ளது. உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தரவுகளில் முக்கியமானவை, 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ராடார் மூலம் திரட்டியவை. ராடார் அலை தரையை மாத்திரம் தொட்டுத் திரும்புவதில்லை. தென்னையின் தலையையும் வீட்டின் கூரையையும் தொட்டுத் திரும்புகின்றது. எனவே தென்னந்தோப்புகளும் நெருக்கமான வீடுகளும் கொண்ட கரையோரத்தில் நிலம் உள்ளதை விட உயரமாகப் பதிவாகின்றது. கரையோரங்களில் இப்பிழை சராசரியாக இரண்டு மீற்றர் அளவில் உள்ளதாகக் கிளைமேட் சென்ட்ரல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இப்பிழையைத் திருத்திய புதிய உயரத் தரவை அவர்கள் 2019இல் வெளியிட்டபோது உலகம் அதிர்ச்சியடைந்தது. பழைய தரவின்படி இன்றைய உயர்நீர் மட்டத்துக்குக் கீழே வாழ்வோர் 2 கோடியே 80 இலட்சம் பேர். திருத்திய தரவின்படி அத்தொகை 11 கோடி. கடல் மாறவில்லை, மக்களும் இடம்பெயரவில்லை. அளவுகோல் மாத்திரமே திருத்தப்பட்டது. திருத்திய தரவிலும் பிழை முற்றாக நீங்கிவிடவில்லை. விமானத்திலிருந்து லேசர் கதிர் செலுத்தித் தரையை அளக்கும் முறையே நம்பகமானது. அமெரிக்கா தனது கரைகளுக்கு அவ்வாறு அளந்து, அதன் அடிப்படையிலேயே தன் மக்களுக்கான இணைய வரைபடத்தைத் தயாரித்துள்ளது. அதே தெளிவை உலகளாவிய வரைபடத்தில் கல்முனைக்கு நாம் எதிர்பார்க்க முடியாது. சில மீற்றர் உயரமேயுள்ள நிலத்தில் ஒரு மீற்றர் பிழை என்பது முழுத் தீர்ப்பையும் மாற்றிவிடும். இவ்வரைபடத்தைக் கொண்டு ஒரு பிரதேசத்தைப் பற்றிப் பேசலாமே தவிர, ஒரு வீட்டைப் பற்றித் தீர்ப்புக் கூற முடியாது.

அவ்வாறாயின் இவற்றால் நமக்குப் பயனில்லையா என்றால், பெரும் பயன் உண்டு. நமது ஊர்களின் அமைப்பை மேலிருந்து நோக்கும்போது நாளாந்த வாழ்வில் மறந்துபோகும் உண்மையொன்று புலப்படுகின்றது. கரையை ஒட்டி நீளும் மணல்மேட்டின் மீது வீடுகளும் பிரதான வீதியும் அமைந்துள்ளன. அதற்கு மேற்கே நிலம் தாழ்ந்து வட்டைகளாகவும் தோணாக்களாகவும் நீரோடைகளாகவும் பரந்து கிடக்கின்றது. நீர்மட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்திப் பார்க்கும்போது ஊரின் முகப்பை விட முதுகுப்புறத்திலேயே நாம் கூடுதல் கவனம் செலுத்த வேண்டியிருப்பதை உணரலாம். நாம் அஞ்சிக் காவல் காப்பது முன்வாசலை, தாழ்ந்து திறந்து கிடப்பதோ பின்வாசல்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில் உழவு இயந்திரமொன்று அடித்துச் செல்லப்பட்டு, மதரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்த துயரத்தை நாம் மறக்கவில்லை. அந்த நீர் கடலிலிருந்து வந்ததன்று, மழை கொணர்ந்தது. ஆயினும் கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை எனக் கூற முடியாது. மேற்கிலிருந்து வரும் நீர் முகத்துவாரங்களின் வழியாகவே கடலைச் சேர வேண்டும். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தாலோ, கடல் மட்டம் உயர்ந்திருந்தாலோ அந்நீர் தேங்கி ஊருக்குள் ஏறுகின்றது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் நமது கிழக்குக் கரையில் கடல் மட்டம் வருடத்தின் ஏனைய மாதங்களை விடச் சற்று உயர்ந்தே காணப்படுகின்றது. மழை கொட்டும் மாதங்களும் அவையே. கடல் நிரந்தரமாக உயருமாயின் அது முதலில் அலையாக வந்து கதவைத் தட்டாது. வழக்கமான மழை வெள்ளம் வடிவதற்கு இன்னும் ஒரு நாள், இன்னும் இரண்டு நாள் எடுப்பதாகவே அது தோன்றும்.

இதனால் எழும் மற்றொரு கேள்வி பாரதூரமானது. கடற்கோள் எச்சரிக்கை கிடைத்தால் மக்கள் மேற்கு நோக்கியே ஓட வேண்டும். 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆந் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் மீண்டும் அதிர்ந்தபோது, கிழக்குக் கரை மக்கள் உள்நோக்கி ஓடினர். கல்முனைப் பிரதேசத்திலிருந்து மேற்கே செல்லும் முக்கிய வழிகள் மாவடிப்பள்ளி ஊடாகச் சம்மாந்துறைக்கும், கிட்டங்கி ஊடாக நாவிதன்வெளிக்கும் செல்கின்றன. மாரியில் வெள்ளம் மேவும் வழிகளும் இவையே. டிசம்பர் மாதத்தில் எச்சரிக்கை ஒலித்தால் எவ்வழியால் செல்வது என்பதை இன்றே வரைபடத்தை விரித்துத் தீர்மானிக்க வேண்டாமா?

வரைபடம் காட்டாதவற்றையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும். தொட்டிக் கணக்கில் கடலரிப்பு இடம்பெறுவதில்லை. நிலம் இன்றுள்ள இடத்திலேயே நாளையும் இருக்கும் என்று அது எடுத்துக்கொள்கின்றது. ஒலுவில் இதற்குத் தக்க மறுப்பாகும். 2008இல் நிர்மாணம் தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தன. தென்புறத்தில் மணல் குவிய, வடபுறத்தில் கரை அரிக்கப்பட்டது. தென்னைகள் வீழ்ந்தன, காணிகள் கடலாயின. துறைமுக வாயிலையே மணல் அடைத்தது. கடல் மட்ட உயர்வு மில்லிமீற்றர் கணக்கில் நிகழ்கையில், மனிதன் இட்ட கற்சுவர் சில ஆண்டுகளிலேயே கரையின் உருவத்தை மாற்றிவிட்டது.

இதனைப் பார்ப்பதற்கு வேறொரு கருவி உண்டு. கூகுள் ஏர்த் தளத்தில் பழைய செய்மதிப் படங்களை ஆண்டு வாரியாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கலாம். 1984ஆம் ஆண்டு முதலான மாற்றத்தை ஓடும் படமாகக் காணும் வசதியும் உண்டு. ஒலுவிலின் பழைய கரையையும் இன்றைய கரையையும் அதில் ஒப்பிடுவோருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. நிந்தவூரிலும் சாய்ந்தமருதிலும் கரை எவ்வாறு நகர்ந்துள்ளது, கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் முன்னால் மணற்பரப்பு எந்த ஆண்டில் எவ்வாறு இருந்தது என்பவற்றையும் மாணவர்களே ஆராய்ந்து பதிவு செய்யலாம்.

கிணறுகளும் வரைபடத்தில் இல்லை. மணல் நிலத்தின் அடியில் நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல் உயரும்போதும், நாம் அளவுக்கதிகமாக நீர் இறைக்கும்போதும், உவர் மேலெழுகின்றது. தெருவில் ஒரு துளி வெள்ளமும் ஏறாமலேயே கிணறு கெட்டுப்போகலாம். நிறம் விழாத தெருவில் வாழ்வோர் இதனை மனத்திற் கொள்ள வேண்டும்.

ஆகவே திரையில் வரைபடத்தைக் காணும் ஒவ்வொருவரும் சில கேள்விகளை எழுப்ப வேண்டும். நிலத்தின் உயரம் எந்த ஆண்டில், எம்முறையில் அளக்கப்பட்டது? காட்டப்படுவது நிரந்தரமாக மூழ்கும் நிலமா, ஆண்டுக்கொரு முறை நீரேறும் நிலமா? மழை வெள்ளம் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளதா? கரை அரிப்பு சேர்க்கப்பட்டுள்ளதா? எத்தனை ஆண்டுகளுக்குப் பிந்திய நிலைமை காட்டப்படுகின்றது? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே நிறத்தைப் பார்க்க வேண்டும்.

அயல் மாவட்டத்தில் நமக்கொரு முன்னுதாரணம் உண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையம் உலக வங்கியின் ஒத்துழைப்புடன் மேற்கொண்ட முயற்சியில், மட்டக்களப்பு மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவின் 30,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் பதிவு செய்யப்பட்டன. வெள்ளம் வந்தால் எத்தனை வீடுகள், எப்பாடசாலைகள், எவ்வீதிகள் பாதிக்கப்படும் என்பதைக் கணிப்பதற்கு இத்தகைய பதிவே அத்திவாரமாகும். அப்பணியைச் செய்வதற்குப் பெரும் இயந்திரங்கள் தேவையில்லை. பயிற்சி பெற்ற இளைஞர்களும் சில கணினிகளும் போதும். அவ்வாறான இளைஞர்கள் கல்முனையில் இல்லையென எவரும் கூறமாட்டார்கள்.

அரசாங்கத்தின் பொறுப்பு இதனிலும் பெரியது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறி இரு தசாப்தங்கள் கடந்துவிட்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் காவுகொண்டது. இதற்குப் பின்னரும் நில உயர அளவீடுகளும் ஆபத்து வரைபடங்களும் திணைக்களக் கோப்புகளில் உறங்குவதற்கு இடமளிக்கலாகாது. அம்பாறைக் கரையோரத்தை லேசர் முறையில் துல்லியமாக அளந்து, தெருப் பெயர்களுடன் தமிழில், பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் எவரும் பார்க்கக்கூடியவாறு வெளியிடுதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவ்வளவீடுகளைக் கோரும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்பதையும் நினைவூட்டுகின்றோம்.

இதில் மக்களுக்குள்ள அச்சமும் நியாயமானதே. ஒருமுறை எல்லைக் கல்லால் நிலத்தை இழந்தவர்கள், நாளை நிறந்தீட்டிய வரைபடத்தைக் காட்டி மீண்டும் எழும்பச் சொல்வார்களோ என்று ஐயுறுகின்றனர். அந்த ஐயத்துக்கு மருந்து வரைபடத்தை மறைப்பதன்று. மக்களும் அதே வரைபடத்தைக் கையில் வைத்திருப்பதேயாகும். அளவு எவ்வாறு பெறப்பட்டது என்று கேட்கத் தெரிந்த மக்களை, துல்லியமற்ற வரைபடத்தைக் காட்டி எவரும் எழுப்பிவிட முடியாது. அதுபோன்றே, வட்டையை நிரப்பிக் கட்டடம் எழுப்ப முற்படுவோரிடம் அங்கு தேங்கும் நீர் இனி எங்கே செல்லும் என்று வரைபடத்தை விரித்துக் கேட்கவும் முடியும்.

கல்முனையில் நிர்வாக எல்லைகள் குறித்து நீண்டகாலமாக நிலவும் கருத்து வேறுபாடுகளை நாம் அறிவோம். ஆனால் வடிகாலும் தோணாவும் எந்தப் பிரதேச செயலகத்தின் எல்லையையும் பார்த்து ஓடுவதில்லை. ஓர் ஊரின் முகத்துவாரம் அடைபட்டால் அடுத்த ஊரின் வயல் மூழ்குகின்றது. எனவே பள்ளிவாசல் நிருவாகங்கள், ஆலய பரிபாலன சபைகள், மீனவர் சங்கங்கள், பாடசாலைகள் ஆகியன இவ்விடயத்தில் ஒரே மேசையில் அமர வேண்டியுள்ளன. அடுத்த மாரிக்கு முன்னர், எவ்வீதியில் எவ்வளவு நீர் ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது என்பதை முதியோரிடம் கேட்டு ஊர் வரைபடத்தில் குறித்து வைப்பதிலிருந்து அப்பணியை ஆரம்பிக்கலாம். விண்ணிலிருந்து அளந்தவன் தவறவிட்டதை, அந்நீரில் நடந்தவர்கள் திருத்திக் கொடுக்க முடியும். அவ்வாறு திருத்தப்பட்ட வரைபடமே நமது பிள்ளைகளுக்கு உண்மையில் உதவக்கூடியது.